அட்டையில் இல்லாத வசனம்

2025 பெப்ரவரி 2, ஞாயிறு, கிளிநொச்சி

இன்று ஓய்வுநாட் பாடசாலையில் ஒரு மாணவன் தன் தாயின் கைபேசியைக் கொண்டுவந்து, சூரியோதயப் படத்தின் மேல் வேதாகமத்தின் எரேமியா 29:11 எழுதப்பட்டிருந்த வாட்ஸ்அப் அட்டையைக் காட்டினான். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற அவ்வசனத்தோடு, இந்த மாதத்துக்குள் வெளிநாட்டுக் கதவு திறக்கும் என்று ஒரு பிரசங்கியார் உறுதி கூறும் குரல்பதிவும் வந்திருந்தது. இது யாருக்கு எழுதப்பட்டது என்று கேட்டேன். வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களுடைய வயதில் எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

பெப்ரவரி 4, செவ்வாய்

இரவு 28 ஆம், 29 ஆம் அதிகாரங்களைச் சேர்த்து வாசித்தேன். அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம். இரண்டு ஆண்டுகளுக்குள் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்தில் அறிவித்த அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி, பாபிலோனுக்கு அடிமைப்படுவதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து எல்லோரும் பார்க்க உடைத்தும் போட்டான். சனங்களுக்கு அது எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியாவோ, வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்று எழுதி, எழுபது ஆண்டு என்றார். அந்த எழுபது 10 ஆம் வசனத்தில் இருக்கிறது. அட்டை 11 இல் தொடங்குகிறது.

2009 இல், போரில் இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாமில் கூடாரம் கூடாரமாக வந்த ஒருவர், மூன்று மாதத்தில் ஊர் திரும்புவோம் என்று தீர்க்கதரிசனம் சொன்னார். கூடாரத்தின் ஓரத்தில் வெறும் மீன்ரின்னில் மண் நிரப்பி மிளகாய் விதை ஊன்றிக்கொண்டிருந்த அம்மாவை, "போகப்போகிற நேரத்தில் இது என்னத்துக்கு?" என்று கடிந்துகொண்டேன். மிளகாய் காய்த்தபோதும் நாங்கள் அங்கேதான் இருந்தோம்.

பெப்ரவரி 6, வியாழன்

அந்த மாணவனின் தாயைச் சந்தித்தேன். அந்தப் பிரசங்கியாருக்குக் காணிக்கை ஏற்கெனவே அனுப்பிவிட்டாராம். அவரை நம்பவைத்தது பேராசை அல்ல, மூத்த மகனுக்கு வேலையில்லை. கடிதத்தின் கதையைச் சொன்னேன்.

"அப்ப அந்த வசனம் எங்களுக்கு இல்லையோ, மாஸ்டர்?"

"இருக்கு அக்கா. எழுபதோட சேர்த்து இருக்கு."

"எழுபது வருசத்துக்கு நான் இருக்கமாட்டன் தானே."

அக்கடிதத்தை முதலில் கேட்டவர்களிலும் பெரும்பாலோர் இருந்திருக்க மாட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதில் முதற்பாதியைச் செய்ய எனக்குத் தயக்கமில்லை. இரண்டாம் பாதியை அந்த முற்றத்தில் நின்றுகொண்டு எப்படிச் செய்வது என்றுதான் வழிநெடுக யோசித்தேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

நெல் அறுவடை நடப்பதால் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களிடம், கைபேசியில் வரும் எந்த வசனத்துக்கும் முந்தின வசனத்தை வேதாகமத்தில் தேடி வாசிக்கச் சொன்னேன். ஒரு சிறுமி கிரிக்கெட் மட்டை படத்தோடு பிலிப்பியர் 4:13 ஐக் காட்டினாள். எல்லாவற்றையும் செய்யப் பெலனுண்டு என்ற அதற்கு மேலே, காவலில் இருந்த பவுல், தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் தாம் கற்றுக்கொண்டதை எழுதியிருக்கிறார்.

"அப்ப மட்ச் தோத்தாலும் இதே வசனம்தானே, சேர்?" என்றாள்.