பால்சம் ஏரியிலிருந்து கேர்க்ஃபீல்ட் வரை, பதினாறு அடிப் பழைய படகில்

ஒன்ராறியோவில் குடும்பத்தோடு தண்ணீரில் இறங்க நினைக்கும் ஒருவருக்கு, ட்ரெயிலரில் இழுத்துச் செல்லக்கூடிய பழைய அலுமினியப் படகைவிடப் பொருத்தமான வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. பெரிய படகை வாங்கியவர் அதை ஒரு மரீனாவில் (வாடகைப் படகுத்துறையில்) கட்டிவைத்து அந்த ஏரிக்கே சொந்தமாகிவிடுகிறார். எங்கள் படகோ ஸ்காபரோ வீட்டு வாசலில், காருக்கு அடுத்தபடியாக நிற்கிறது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, என்ன மீனுக்குப் பருவம் திறந்திருக்கிறது என்று பார்த்து, அன்று காலையில்தான் சிம்கோவா, றைஸ் ஏரியா, பால்சமா என்று முடிவு செய்கிறோம்.

எங்களுடையது 1980களின் இறுதியில் செய்யப்பட்ட, ரிவெட் அடித்த, பதினாறு அடி நீளமான படகு. அதன் பின்னால் 40 குதிரைவலு கொண்ட இரண்டு சிலிண்டர் இரு-வீச்சு வெளியிணைப்பு இயந்திரம் பூட்டப்பட்டிருக்கிறது. இந்த வயதுப் படகை வாங்கும்போது வர்ணத்தையும் இருக்கையையும் பார்ப்பதில் பயனில்லை. இயந்திரம் தொங்கும் பின்பலகையின் உள்ளே இருப்பது ஒட்டுப்பலகை. அலுமினியத் தகட்டுக்குள் அது உக்கிப்போயிருந்தாலும் வெளியே தெரியாது. அதனால் இயந்திரத்தின் காலைப் பிடித்துக் கீழ்நோக்கி அழுத்தி, பின்பலகை அசைகிறதா என்று பார்த்தோம்; பிறகு சிறிய சுத்தியலால் மெதுவாகத் தட்டி, ஓசை இறுக்கமாக வருகிறதா, மந்தமாக வருகிறதா என்று கேட்டோம். அடுத்து, ட்ரெயிலரில் இருந்தபடியே படகுக்குள் தோட்டக்குழாயால் தண்ணீர் விட்டு, அடியில் எந்த ரிவெட்டில் துளி கட்டுகிறது என்று பார்த்து மெழுகுப் பென்சிலால் வட்டமிட்டோம். பதினைந்து நிமிடம் பொறுமையாகப் படுத்துப் பார்த்தால் படகின் முழு வரலாறும் அந்த வட்டங்களில் தெரிந்துவிடும். இரண்டு சிலிண்டரின் அமுக்கமும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தது. அதன் பிறகே விலை பேசினோம்.

இந்தப் பரிசோதனையில் என்னைவிட ஊக்கமாக இருந்தவர் என் மாமனார். பருத்தித்துறைக் கடலில் கண்ணாடியிழைப் படகோடு வளர்ந்தவர் அவர். இயந்திரத்தை முடுக்கியபோது, குளிரூட்டும் தண்ணீர் வெளியேறும் சிறு துளையில் விரலை வைத்து, "தம்பி, இது ஓயாமல் அடிக்குதோ எண்டு பாரும், மற்றதெல்லாம் பிறகு" என்றார். அந்த மெல்லிய தாரை தளர்ந்தால் நீர்ப்பம்பின் ரப்பர் சுழலி தேய்ந்துவிட்டது என்று பொருள். மலிவான சாமானான அதைக் கவனிக்காமல் விட்டால் இயந்திரமே கருகிவிடும். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, தேய்ந்ததோ இல்லையோ, மாற்றிவிடுகிறோம்.

பால்சம் ஏரிக்கு 48ஆம் இலக்க வீதியைப் பிடித்து வடக்கே போனால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ட்ரெயிலரோடு போகும்போது கூடுதல் நேரத்தை ஒதுக்குவதே நல்லது. வழியில் பெற்றோல் நிரப்ப நிற்கும்போது, ட்ரெயிலரின் இரண்டு சக்கரங்களின் நடுக்குடத்திலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். இளஞ்சூடு இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடென்றால் பெயரிங் கெட்டுப்போகிறது. ஏரிக்கு வந்ததும் நேரே தண்ணீரில் இறக்காமல் சற்று ஆறவிடுவதும் இதற்காகத்தான். சூடான குடம் குளிர்ந்த நீரில் அமிழ்ந்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அடைப்பு வளையத்தைத் தாண்டித் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கிரீஸ் பாற்கஞ்சி நிறமாகிவிட்டால் அடுத்த பயணம் நெடுஞ்சாலை ஓரத்தில்தான் முடியும்.

அந்த ஆறவிடும் நேரத்தில் ஆளுக்கொரு வேலை இருக்கிறது. மனைவி உயிர்காப்பு அங்கிகளை எண்ணி அணிவிப்பார். மகன் பதினைந்து மீற்றர் மிதக்கும் கயிற்றையும், நீர் இறைக்கும் வாளியையும், துடுப்பையும், விசிலையும் எடுத்து வைப்பான். பெற்றோலும் எண்ணெயும் கலப்பது என் பொறுப்பு. இரு-வீச்சு இயந்திரத்தில் எண்ணெய் பெற்றோலோடு சேர்ந்தே போக வேண்டும்; எங்களுடையதற்கு ஐம்பதுக்கு ஒன்று என்ற விகிதம். இருபத்தைந்து லீற்றர் தாங்கிக்கு அரை லீற்றர் எண்ணெய். எத்தனோல் கலந்த பெற்றோல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் மீந்ததை வாரக்கணக்கில் வைத்திருப்பதில்லை, வீட்டுக்கு வந்ததும் காரில் ஊற்றக்கூடாத அந்தக் கலவையை அடுத்த பயணத்துக்குள் முடித்துவிடப் பார்க்கிறோம். கடைசியாக, படகின் பின்னடியில் உள்ள வடிகால் தக்கையைத் திருகுபவர் மகள். திருகிவிட்டு, "தக்கை போட்டாச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அது கேட்காமல் ட்ரெயிலர் பின்னுக்கு நகராது.

பால்சம், 386 கிலோமீற்றர் நீளமான ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியின் மிக உயர்ந்த இடம். ஒன்ராறியோ ஏரிக் கரையின் ட்ரென்டனிலிருந்து ஏறிவரும் நீர்வழி இங்கே உச்சியைத் தொட்டு, அதற்கப்பால் ஜோர்ஜியன் குடாவின் போர்ட் செவர்ன் நோக்கி இறங்குகிறது. மாகாணப் பூங்காவின் இறங்குதுறையிலிருந்து வெளியே வந்து, களைப்படுகையின் விளிம்பில் நங்கூரம் போட்டோம். ஜூன் மூன்றாம் சனிக்கிழமைக்குப் பிறகு பாஸ் மீனுக்குப் பருவம் திறந்துவிடும். மகனுக்கு மஞ்சள் பேர்ச்சும் ரொக் பாஸும் மாறிமாறிக் கிடைத்தன. மாமனார் கோல் தூண்டிலைத் தொடவே இல்லை. நூலைச் சுட்டுவிரலில் ஏந்தி, ஈயக்குண்டு அடியில் தட்டுவதை விரலாலேயே கேட்டுக்கொண்டு, முழங்கை நீளத்தில் ஒரு சிறுவாய்ப் பாஸைப் படகோரம் கொண்டுவந்தார். அது இரண்டு முறை துள்ளி வெளியே பாய்ந்தபோதும் நூலைத் தளரவிடவில்லை. அறுபத்தைந்து வயதைக் கடந்த கனேடிய வாசிகளுக்கும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் இங்கே மீன்பிடி உரிமம் வாங்கத் தேவையில்லை. இந்தச் சலுகை தாத்தாவையும் பேரப்பிள்ளைகளையும் ஒரே படகில் உட்கார வைக்கிறது என்பதால் எனக்கு அதில் தனி மகிழ்ச்சி. எந்த ஏரியின் எந்த மீனை மாதத்துக்கு எத்தனை தடவை உண்ணலாம் என்று மாகாண அரசு வெளியிடும் வழிகாட்டியைப் பார்த்தே சமைக்கக் கொண்டுபோகிறோம்.

மதியத்துக்குப் பின் மேற்கே திரும்பினோம். ஏரியின் மேற்கு மூலையில் கால்வாய் தொடங்குகிறது; சுண்ணாம்புப் பாறையை வெட்டித் திறந்த ஒடுங்கிய பாதை, இருபுறமும் கல் கரை. இங்கே மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது. இந்த இடத்தில் சுக்கானை மகளிடம் கொடுத்தேன். பன்னிரண்டு வயதுக்கு மேல், பதினாறுக்குக் கீழ் உள்ளவர்கள் கூட ஒருவர் இல்லாமல் ஓட்டக்கூடிய உச்ச அளவு 40 குதிரைவலு. எங்கள் இயந்திரம் அந்தக் கோட்டிலேயே நிற்கிறது. அதற்கும், 2009 முதல் இயந்திரப் படகு ஓட்டும் எல்லோருக்கும் கட்டாயமாகிவிட்ட படகோட்டி அட்டை வேண்டும். அதை அவள் படித்துச் சோதனை எழுதி எடுத்திருக்கிறாள். எதிரே நாற்பது அடி நீள உல்லாசப் படகு ஒன்று வந்தபோது அவள் வேகத்தைக் குறைத்து வலக்கரையோடு ஒதுங்கிய விதம், எனக்கு அந்த அட்டையைவிட நிம்மதி தந்தது.

மிற்செல் ஏரியைத் தாண்டியதும், படகுகளை நீர்த்தொட்டியோடு ஏற்றி இறக்கும் கேர்க்ஃபீல்ட் நீர்த்தூக்கி. 1907இல் திறக்கப்பட்ட இது, பீற்றர்பரோவின் 1904ஆம் ஆண்டுத் தூக்கியின் தம்பி. அது கொங்கிறீற் கோபுரங்களால் ஆனது. இதுவோ உருக்குச் சட்டங்களால் நிற்பது. இரண்டு பெரிய தொட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு நீரழுத்தத் தண்டின் மேல். தண்டுகள் இரண்டும் குழாயால் இணைக்கப்பட்டிருப்பதால் ஒரு தொட்டி இறங்கினால் மற்றது ஏற வேண்டும். மேலே நிற்கும் தொட்டிக்குள் ஏறக்குறைய ஓர் அடி உயரத்துக்குக் கூடுதல் நீரை விடுகிறார்கள். அந்தப் பாரத்தாலேயே அது இறங்கி, கீழே உள்ள தொட்டியை உயர்த்திவிடுகிறது. தொட்டிக்குள் எத்தனை படகு நின்றாலும் கணக்கு மாறுவதில்லை, ஏனென்றால் மிதக்கும் படகு தன் எடைக்குச் சமமான நீரை முன்பே வெளியே தள்ளிவிட்டிருக்கும். எங்கள் சிறு படகும் அந்த உல்லாசப் படகும் இங்கே ஒன்றுதான். கட்டணத்தில்தான் வேறுபாடு: படகின் நீளத்துக்கு ஏற்பவே வாங்குகிறார்கள்.

தொட்டிக்குள் நுழைந்து, இயந்திரத்தை நிறுத்தி, பக்கத்துக் கம்பியில் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டோம். முன்னால் தடித்த கதவு. அதற்கு அப்பால் தண்ணீர் இல்லை, காற்றுதான். பதினைந்து மீற்றர் கீழே கால்வாய் தொடர்ந்து ஓடுவதும், வயல்களும் தெரிந்தன. மணியொலி கேட்டுச் சற்று நேரத்தில், எந்தக் குலுக்கலும் இல்லாமல் மரங்கள் உயரத் தொடங்கின. மாமனார் இரண்டு கைகளாலும் ஓரத்தைப் பிடித்தபடி, எதிர்த்தொட்டியில் ஏறிவருபவர்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

இதற்குக் கீழே ஒரு விடயத்தை மறக்கக்கூடாது. இரு திசைகளிலிருந்தும் கேர்க்ஃபீல்ட் நோக்கி ஏறும்போது, தடத்தைக் காட்டும் சிவப்பு மிதவை வலப்பக்கம் இருக்க வேண்டும். ஆகவே ட்ரென்டனிலிருந்து வருபவருக்கு இந்தத் தூக்கியைத் தாண்டியதும் பக்கம் மாறிவிடுகிறது. கனால் ஏரியில் ஒதுக்கப்பட்ட தடத்துக்கு வெளியே அடிமரங்களும் பாறையும் மேலோட்டமாகவே கிடக்கின்றன. இயந்திரத்தின் உந்துசுழலியை (புரொப்பெல்லரை) அங்கே இழந்தவர்கள் அநேகமாக இந்த மாற்றத்தைத் தவறவிட்டவர்கள்தான். மகளும் நானும் வரைபடத்தை மடியில் வைத்துச் சிறிது தூரம் போய்ப் பார்த்துவிட்டு, மாலைக்குள் தூக்கியில் மீண்டும் ஏற வேண்டியிருந்ததால் திரும்பிவிட்டோம்.

இறங்குதுறையில் படகை ஏற்றியதும், சாய்தளத்தை விட்டு நகர்ந்து, தக்கையைக் கழற்றி, நீரை முழுவதுமாக வடியவிட்டு, ட்ரெயிலர் அச்சிலும் உந்துசுழலியிலும் சிக்கிய களைகளைக் கையால் பிடுங்கினோம். வரிக்குதிரைச் சிப்பி போன்றவை ஏரி விட்டு ஏரி பரவாமல் இருக்க, 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் இது சட்டம். எங்களைப் போல வாரத்துக்கு ஓர் ஏரி மாறுபவர்களே இதில் அதிகம் கவனமாக இருக்க வேண்டும், அதனால் வீட்டிலும் ஒருமுறை அடியைக் கழுவிக் காயவிடுகிறோம். அடுத்த பயணம் பால்சத்தின் மறுபக்கம், றோஸ்டேல் வழியாக ஃபெனலன் அருவிப் பக்கம். அதற்கு முன் இடப்பக்கச் சக்கரத்தின் அடைப்பு வளையத்தை மாற்ற வேண்டும். திரும்பி வரும்போது அதன் ஓரத்தில் மெல்லிய கிரீஸ் கோடு ஒன்று தெரிந்தது.