குமுளியிலிருந்து ஸ்பானிஷ்: பெயர் தெரியாததைக் கேட்பது

ஆகஸ்ட் 4, திங்கள்

பக்கத்துப் புத்தடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் விலை இறங்கினால் எங்கள் கடையில் முதலில் அடிபடும் பெயர் மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலா. ஏலக்காய்ச் சந்தையில் நமக்கு நேர் போட்டி அந்த நாடுதான். அங்கே விளைச்சல் எப்படி என்று யாரோ சொல்லிக் கேட்பதைவிட நாமே படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் அந்நாட்டு மொழியான ஸ்பானிஷ் ஆரம்பித்தேன். இணையத்தில் பாடம் எடுக்கும் ஆசிரியை குவாத்தமாலாவின் கோபான் ஊர்க்காரர். ஆல்தா வேராபாஸ் மாகாணம், ஏலக்காய் விளையும் மண். இங்கே இரவு எட்டு மணி என்றால் அவருக்குக் காலை எட்டரை.

இன்று ஒரு விதி போட்டார். வகுப்பு முடியும்வரை மொழிபெயர்ப்புச் செயலியைத் தொடக் கூடாது, தெரியாததை ஸ்பானிஷிலேயே கேட்கவேண்டும். 'கோமோ சே யாமா எஸ்தோ?' என்றால் இதற்கு என்ன பெயர். 'கே சிக்னிஃபிகா?' என்றால் என்ன அர்த்தம். பொருள் கையில் இல்லை, பெயரும் தெரியவில்லை என்றால் 'ஊனா கோசா கே சிர்வே பாரா...' என்று தொடங்கி, அது எதற்குப் பயன்படுகிறது என்று சொல்லிவிட வேண்டும். எனக்கு இந்தக் கடைசி வழிதான் ரொம்பப் பிடித்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

சல்லடைக்குப் பெயர் வேண்டியிருந்தது. காய்களைப் பிரிக்க உதவும் ஒரு பொருள், வட்ட வட்டமாக ஓட்டை இருக்கும், சின்னக் காய் கீழே விழும், பெரியது மேலே நிற்கும் என்று தெரிந்த சொற்களை வைத்தே சொன்னேன். அவர் உடனே பெயரைச் சொல்லவில்லை. மரமா, இரும்பா? கையால் ஆட்டுவதா, மோட்டாரா? ஓட்டை எவ்வளவு பெரிது? எட்டு மில்லிமீட்டர் என்றேன். அதற்குப் பிறகுதான் 'சராந்தா' என்றார். அதற்குள் ஓட்டை, விழுவது, ஆட்டுவது, பிரிப்பது எல்லாவற்றுக்கும் ஸ்பானிஷ் வந்துவிட்டது. செயலியில் தட்டியிருந்தால் ஒரே ஒரு சொல்தான் கிடைத்திருக்கும்.

ஆகஸ்ட் 9, சனி

கம்பத்திலிருந்து ஜீப்பில் காய் எடுக்க வரும் அக்கா ஒருவர், பக்கத்துக் கடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்: "சேச்சி, அட்ட கடிக்காதிரிக்கான் காலில் இடுன்னது, அதினு எந்தா பறயா?" அட்டைக்கடிக்குப் போடும் நீளச் சாக்ஸைத்தான் கேட்கிறார். கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். எங்கள் எல்லையில் இந்தக் கலைக்குப் பஞ்சமே இல்லை. மலையாளப் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காதவர்கள் இப்படிக் கேட்டுக் கேட்டே சரளமாகப் பேசுகிறார்கள். இவர்களைப் போலத்தான் நானும் ஸ்பானிஷ் படிக்கவேண்டும் என்று தோன்றியது.

ஆகஸ்ட் 11, திங்கள்

மழை. நெட் விட்டு விட்டு வந்தது. 'மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்' (இன்னும் மெதுவாக, தயவுசெய்து) நன்றாக மனப்பாடம் ஆயிற்று.

ஆகஸ்ட் 14, வியாழன்

குவாத்தமாலா ஏலக்காய் விலைப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். 'செரேசா' என்றொரு வரி, 'பெர்காமினோ' என்றொரு வரி. அகராதிப்படி முதலாவது செர்ரிப் பழம், இரண்டாவது எழுதப் பயன்பட்ட பழங்காலத் தோல். 'கே சிக்னிஃபிகா அக்கி?' என்று கேட்டேன். 'அக்கி' என்றால் இங்கே. அந்த ஒரு சொல்லைச் சேர்த்துக் கேட்பது முக்கியம். அங்கே ஏலக்காய்க்காரர்களிடம் செரேசா என்றால் பச்சைக்காய், பெர்காமினோ என்றால் உலர்ந்த காய். இரண்டுமே காப்பிக்காரர்களின் சொற்கள். அந்த மலையில் காப்பிதான் முதலில் வந்தது, ஏலக்காய் பிறகு வந்து சேர்ந்தது. எடையும் கிலோவில் இல்லை, கிண்டாலில். நம் குவிண்டால் நூறு கிலோ, அவர்களுடையது நூறு பவுண்டு, 45 கிலோவுக்குச் சற்று மேல். இதைக் கேட்காமல் விலையை ஒப்பிட்டால் கணக்கே தலைகீழாகிவிடும்.

அப்புறம் ஏலச்செடியின் சரத்துக்குப் பெயர் கேட்டேன். செடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு படரும், அதில்தான் பூவும் காயும் வரும் என்று விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு, தோட்டத்தில் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று விசாரிக்கவேண்டும் என்றார். அங்கே காய் பறிப்பவர்களில் பெரும்பாலோர் கெக்சி மொழி பேசும் மாயா பழங்குடி மக்கள், ஸ்பானிஷ் அவர்களுக்கும் இரண்டாம் மொழிதான். ஸ்பானிஷ் பெயர், கெக்சிப் பெயர் இரண்டையும் கேட்டுவரச் சொல்லி, எங்கள் தோட்டத்துச் சரத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.