மழை விழுகிற இடத்துக்கு வரி

எங்கள் ஊர் நகராட்சி அலுவலகத்துக்கு எதிர் வரிசையில் தட்டச்சு, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு எழுதித் தருவதுதான் என் பிழைப்பு. டெல்டாவில் இதைப் போல எத்தனையோ ஊர், எத்தனையோ நகராட்சி. ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். பிறப்புச் சான்று, பெயர் மாற்றம், குடிநீர் இணைப்பு என்று வருடம் முழுக்க மனு வரும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு பிறக்கும்போது மட்டும் சொத்து வரி மனுக்கள் குவியும். வருகிறவர்கள் அநேகமாக ஒரே கேள்வியோடு படியேறுவார்கள்: "யாரைக் கேட்டு ஏத்துனாங்க?"

நம்மையும் கேட்டார்கள். அதை நினைத்துத்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

2022-ல் என்ன நடந்தது என்று சொல்கிறேன். 2016-ல் பதவிக்காலம் முடிந்துபோன நகர்மன்றங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. மார்ச்சில் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். ஏப்ரல் பிறந்ததும் அரசின் வரிச் சீரமைப்பு அறிவிப்பு வந்துவிட்டது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளில் குடியிருப்புக் கட்டடம் 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் போனால் 100 சதவீதம் உயர்வு. கடை, வணிகக் கட்டடங்களுக்கும் 100. புதிதாக வந்த கவுன்சிலர்கள், பாவம், நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே கையைத் தூக்க வேண்டி வந்த பெரிய விஷயம் இதுதான். மன்றத்தில் தீர்மானம் வைத்தார்கள். நாளிதழில் விளம்பரம் கொடுத்தார்கள். ஆட்சேபனை இருந்தால் 30 நாளுக்குள் எழுத்து மூலம் தரலாம் என்று அதிலேயே இருந்தது.

அந்த 30 நாளில் என் கடைக்கு ஆட்சேபனை எழுத வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நோட்டீஸ் வீட்டுக்கு வந்த பிறகு கூட்டம் தெருவில் நின்றது. ஒரு மூலையில் பொடி எழுத்தில் வருகிற விளம்பரத்தை யார் படிப்பார்கள் என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. இவ்வளவு பெரிய விஷயத்தை ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லியிருக்க வேண்டும், தெருமுனைகளில் தட்டி வைத்திருக்க வேண்டும். அதை நான் அப்போதும் சொன்னேன். ஆனால் திறந்திருந்த அந்த ஒரு மாதத்தை நாமும் விட்டுவிட்டோம்.

வரியே ஏறக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கம் அதற்கு முன் பொதுச் சீரமைப்பு நடந்தது 2008-ல். 2018-ல் ஒரு உயர்வு வந்து, 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்து, கூடுதலாகக் கட்டிய பணத்தை அடுத்தடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். இத்தனை வருடம் தூங்கவிட்டு, ஒரே நாளில் தலையில் தண்ணீர் ஊற்றி எழுப்பியது போல ஆகிவிட்டது. சாக்கடை அள்ளுகிறவருக்குச் சம்பளம் வேண்டும், தெருவிளக்குக்கு மின்கட்டணம் வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தால் யாரும் இவ்வளவு பதறியிருக்க மாட்டார்கள்.

அந்த வருடம் நான் எழுதிய மனுக்களில் ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியம்மா இருக்கிறார். கணவர் இல்லை. பிள்ளைகள் திருப்பூரில். பூக் கட்டிக் கொடுத்து வருகிற காசில் காலம் ஓடுகிறது. வீடு மட்டும் பெரிசு, மாமனார் காலத்து நாட்டு ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று நீளமாகப் போகும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடு எல்லாமே அப்படித்தானே. பழைய வரி அரையாண்டுக்கு 640 ரூபாய். சிமென்ட் தரை கூட முழுக்கக் கிடையாது. 2022-ல் அளந்துவிட்டுப் போனார்கள். 1280 என்று நோட்டீஸ் வந்தது.

பெரியம்மா நோட்டீஸை என் மேஜையில் வைத்து, "ஏம்மா, நான் என்ன மாடியா கட்டுனேன்?" என்றார்.

இரட்டிப்பு என்றால் 1800 சதுர அடிக்கு மேல் காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நானும் என் கடைப் பையனும் டேப் எடுத்துக்கொண்டு போனோம். வெளிச்சுவரோடு வெளிச்சுவர் 26 அடி அகலம், 74 அடி நீளம். பெருக்கினால் 1924. அவர்கள் போட்ட கணக்கும் அதுவே. உள்ளே போய் முற்றத்தை அளந்தேன்: 12க்கு 14, அதாவது 168 சதுர அடி. கழித்தால் 1756. வானம் பார்த்துக் கிடக்கிற இடத்தையும் கட்டடமாகச் சேர்த்து, அதனாலேயே அந்த வீட்டை அடுத்த படிக்கு ஏற்றிவிட்டார்கள். 75 சதவீதம் என்றால் 1120 தான் வர வேண்டும். அரையாண்டுக்கு 160 ரூபாய் வித்தியாசம். சிலருக்கு இது ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக் காசு. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பூ வரத்து நின்றுபோகிற நாட்களில் பெரியம்மாவுக்கு அது பெரிய பணம்.

மனுவை அரைப் பக்கத்தில் முடித்தேன். இந்தத் தொழிலில் நான் கண்ட உண்மை ஒன்று உண்டு: வறுமையை எழுதினால் படிக்கிற அதிகாரி பெருமூச்சு விடுவார், கோபத்தை எழுதினால் கோப்பை ஓரம் தள்ளுவார், அளவை எழுதினால் யாராவது ஒருவர் எழுந்து வந்து பார்த்தே ஆக வேண்டும். வரிவிதிப்பு எண், வார்டு, கதவு எண், நோட்டீஸ் கைக்கு வந்த தேதி, அவர்கள் போட்ட பரப்பு, நாங்கள் அளந்த பரப்பு, வித்தியாசம் எந்த இடத்தில் என்று கையால் போட்ட வரைபடம். கூடவே பத்திர நகல், பழைய வரி பாக்கியில்லாமல் கட்டிய ரசீது, முற்றத்தின் நடுவில் நின்று மேலே பார்த்து எடுத்த போட்டோ. நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் கொடுத்து, மனுவின் நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டோம். அந்த முத்திரை இல்லாவிட்டால் மனு கொடுத்ததற்கே சாட்சி கிடையாது.

முதல் சுற்றில் மனுவைத் தள்ளிவிட்டார்கள். முற்றத்தின் மேல் இரும்புக் கம்பி வலை போட்டிருக்கிறது, ஆகவே அது மூடிய இடம் என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். குரங்குக்கும் திருட்டுக்கும் பயந்து எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி வீடுகளில் அந்தக் கம்பி உண்டு. அப்புறம் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போனோம். நகர்மன்றத்தில் கவுன்சிலர்களிடையே தேர்ந்தெடுக்கிற குழுக்களில் இதுவும் ஒன்று. ஒப்பந்தக் குழுவுக்குப் போட்டி போடுகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. சாதாரண ஜனத்துக்கு வேண்டிய குழு இதுதான் என்று நான் எந்தக் கவுன்சிலரைப் பார்த்தாலும் சொல்வேன்.

விசாரணை அன்று பெரியம்மா வெளுத்த சேலை கட்டி, கையில் மஞ்சள் பையோடு வந்திருந்தார். என்னைப் பேசச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். வீடு அவருடையது, அவர் பேசினால்தான் எடுபடும். குழுவில் ஒருவர் அந்தக் கம்பி விஷயத்தை எடுத்தார். பெரியம்மா உட்கார்ந்தபடியே சொன்னார்: "கம்பி போட்டா மழை நின்னுடுமா தம்பி? ஐப்பசியிலே வந்து அங்கே ஒரு பாய் போட்டுப் படுத்துப் பாருங்க."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. குழுவில் இருந்த ஒரு பெண் கவுன்சிலர், அவர் வீட்டிலும் முற்றம் இருக்கும் போல, உடனே "மறு அளவீடு போடுங்க" என்றார். வருவாய் ஆய்வாளர் நேரில் வந்து அளந்தார். 1756 என்று அவர் கையாலேயே எழுதினார். வரி 1120 ஆனது, கூடுதலாகக் கட்டியிருந்தது அடுத்த அரையாண்டில் கழிந்தது. அந்த ஆய்வாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தப்பு என்று தெரிந்ததும் சுணங்காமல் திருத்தினார். ஒரே ஆள் இத்தனை வார்டுகளை அவசரமாக அளந்தால், வெளிச்சுவரை மட்டும் அளந்துவிட்டுத்தான் போவார்.

பெரியம்மா வீட்டுக் கதை பரவியதும் முற்றம் வைத்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலருக்குக் கிடைத்தது. முற்றத்தைக் கழித்தாலும் 1800-க்கு மேலேயே நின்ற வீடுகளுக்குப் படி மாறவில்லை. வாசல் அறையைச் செல்போன் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, முழுவதும் குடியிருப்பு என்று எழுதச் சொன்ன ஒருவரும் வந்தார். நான் எழுத மறுத்துவிட்டேன். அவர் வேறு இடத்தில் எழுதிக்கொண்டு போய், கூட்டத்தில் சத்தம் போட்டுவிட்டுத் திரும்பினார். கடைப் பகுதிக்குக் கடை வரிதான், அதில் வாதாட என்ன இருக்கிறது?

நகர்மன்றக் கூட்டத்தை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம் என்று சொன்னால் இன்னும் பலர் நம்புவதில்லை. போய் உட்கார்ந்து பாருங்கள். மாதாமாதம் நடக்கும். அன்றைக்கு முடிவெடுக்க வேண்டிய பொருள்களின் எண்களை ஒரு மூச்சில் வாசித்துக்கொண்டு போவார்கள். பார்வையாளர் பக்கத்தில் நிருபர்கள் ஒன்றிரண்டு பேரைத் தவிர ஆள் இருக்காது. நாலு பேர் உட்கார்ந்து காது கொடுத்தாலே வாசிக்கிற வேகம் குறைவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கவுன்சிலராவது "அந்தப் பொருளைத் திரும்பப் படிங்க" என்பார். போக முடியாதவர்கள் பிறகு தீர்மான நகல் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதினால் போதும்.

கிராமத்திலும் இதே கதை. என் தாய் வீடு ஊராட்சியில் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை. 501 முதல் 3000 பேர் வரை உள்ள ஊரில் 100 பேர் வந்தால் கோரம், அதாவது கூட்டம் செல்லும். அந்த 100 கையெழுத்து சுலபமாகச் சேர்ந்துவிடும். கையெழுத்துப் போட்ட கையோடு பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு அரசு நியமித்த தனி அலுவலர் கைக்குப் போனது. 2016-லிருந்து 2019 வரையும் இப்படித்தான் இருந்தது. தலைவர் இருந்தால் சாயங்காலம் டீக்கடையில் பிடித்துக் கேட்கலாம். அவர் இல்லாத காலத்தில் ஊர் வாய் திறக்க மிஞ்சுகிற இடம் அந்தச் சபை ஒன்றுதான்.

மீத்தேன், ஹைட்ரோகார்பன் வேண்டாம் என்று டெல்டாவின் கிராமங்கள் சபை கூடித் தீர்மானம் போட்டதை மறந்துவிட முடியுமா? 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வருவதற்கு முன், வருடக்கணக்காக ஜனங்கள் அந்தத் தீர்மானங்களைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய விஷயத்துக்கு ஒன்றுகூடத் தெரிந்தவர்களுக்கு, வீட்டு வரிக்கும் வடிகாலுக்கும் ஒன்றுகூடத் தெரியாதா என்ன?

என் அண்ணன் அப்படிச் சபைக்குப் போனார். கார்த்திகை மழையில் சம்பா நடவு மூழ்கிப் போனதால், வடிகாலைத் தூர்வார வேண்டும் என்று சபையில் எழுந்து பேசினார். தீர்மான நோட்டில் "வாய்க்கால் தூர்வார ஆவன செய்யப்படும்" என்று எழுதினார்கள். அண்ணன் விடவில்லை. எந்த வாய்க்கால், எந்த மதகிலிருந்து எந்த மதகு வரை என்று எழுதுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுகிறோம் என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து அண்ணியும் குரல் கொடுத்ததும் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். நோட்டில் மதகுகளின் பெயரோடு ஏறியது. அடுத்த சபையில் அதே பக்கத்தைப் புரட்டி, "இது என்ன ஆச்சு?" என்று கேட்க முடிந்தது அதனால்தான். வேலை பாதி நடந்திருக்கிறது. மீதியை அண்ணன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நகரத்திலும் 2022 நவம்பர் 1-லிருந்து பகுதி சபா என்று வந்திருக்கிறது. வார்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, கவுன்சிலர் தலைமையில் நடக்கிற கூட்டம். எங்கள் வார்டில் நடந்தபோது, அளவில் தகராறு இருக்கிற வீடுகளின் பட்டியலைத் தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். பட்டியலாகக் கொடுத்ததில் ஒரே வாரத்தில் மூன்று தெருக்களுக்கு ஆள் வந்து அளந்தார்கள். தனித்தனி மனுவாகப் போயிருந்தால் மாசக்கணக்கில் கிடந்திருக்கும்.

இப்போது என் கடைக் கதவில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறேன். அடுத்த மன்றக் கூட்டம் என்றைக்கு, பகுதி சபா எங்கே, ஆட்சேபனை கொடுக்கக் கடைசி நாள் எது என்று எழுதி வைக்கிறேன். 100 அடி டேப் ஒன்றும் கடையில் இருக்கிறது. வேண்டுகிறவர்கள் காலையில் வாங்கிப் போய், அளந்துவிட்டு, கடை அடைப்பதற்குள் திருப்பிக் கொடுத்தால் போதும். காசு வேண்டாம்.