சமூகத் தொழில்முனைவுக்குப் பல்கலைக்கழகங்கள் ஒதுக்க வேண்டிய நேரம்

சமூகச் சிக்கல்களைத் தொழில் முயற்சியின் வழியே தீர்க்க முனையும் சமூகத் தொழில்முனைவை வளர்க்க முற்படும் பல்கலைக்கழகங்கள் பல, யோசனைப் போட்டி ஒன்றை நடத்துவதோடு நின்றுவிடுகின்றன. ஓரிரு நாள்களில் திட்டம் தீட்டி, சில நிமிடங்களில் அதை மேடையில் விளக்கிவிட்டுக் கலையும் மாணவர்கள், தாங்கள் தீர்க்க நினைத்த சிக்கலோடு அன்றாடம் வாழும் ஒருவரைக்கூடச் சந்திக்காமல் போகக்கூடும். மாணவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. அத்தகையோரைச் சந்தித்துச் சிக்கலைப் புரிந்துகொள்ளப் பாடத்திட்டத்தில் நேரம்தான் ஒதுக்கப்படவில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

நேரம் ஒதுக்கினால் என்ன விளையும் என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வகுப்பு ஒன்று காட்டியிருக்கிறது. 2007-இல் அங்கே ஒரு மாணவர் குழுவிடம், எடை குறைந்து பிறந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டர் கருவியை மலிவாக வடிவமைக்கும் பணி தரப்பட்டது. நேபாளத்துக்குச் சென்று பார்த்தபோது, நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் மருத்துவமனையில் பயன்படாமல் கிடந்தன. எடை குறைந்து பிறந்த குழந்தைகள் பலரோ மருத்துவமனைக்கு எட்டாத, மின்சாரத்தை நம்ப முடியாத சிற்றூர்களில் இருந்தனர். உருகிய மெழுகு போன்ற பொருள் மெல்ல உறையும்போது வெளிவிடும் வெப்பத்தால் குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும் ‘எம்ப்ரேஸ்’ உறை அதன் பிறகுதான் உருவானது. வளாகத்தை விட்டு வெளியேறாமல் இருந்திருந்தால், அந்தக் குழந்தைகளைச் சென்றடையாத இன்னோர் இன்குபேட்டரையே அவர்கள் செய்து முடித்திருக்கக்கூடும்.

ஆகவே, களத்தில் செலவிடும் பருவத்தையும் முழுப் பாடப் பருவமாகவே கணக்கிட வேண்டும். திட்டம் வென்றதா என்பதைவிட, சிக்கலை மாணவர் எவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்டார் என்பதையே அளவிட வேண்டும். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சமூகத் தொழில்முனைவுக்காக இயங்கும் ஸ்கோல் மையம் நடத்தும் ‘மேப் த சிஸ்டம்’ போட்டி, தீர்வைக் கேட்காமல் சிக்கலைப் பற்றிய ஆய்வையே கேட்பது எனக்கு மிகவும் பிடித்த அணுகுமுறை.

பேராசிரியர்களுக்கும் இந்த நேரம் வேண்டும். வங்கதேசத்தின் சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்த முகமது யூனுஸ், 1976-இல் வளாகத்தை அடுத்த ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்குத் தம் சொந்தப் பணத்திலிருந்து மொத்தம் 27 டாலர் கடன் கொடுத்தார். அந்த முயற்சியே 1983-இல், ஏழைகளுக்குச் சிறுகடன் வழங்கும் கிராமீன் வங்கியாக முறைப்படி நிலைபெற்றது. ஆய்வுக் கட்டுரைகளை மட்டுமே எண்ணிப் பதவி உயர்வு தரும் அமைப்பில், இத்தகைய பணியில் இறங்க எத்தனை ஆசிரியர்கள் துணிவார்கள்?

பட்டம் பெற்ற பின் வரும் முதல் ஆண்டுதான் மிகக் கடினமானது. கல்விக் கடனும் குடும்பப் பொறுப்பும் உள்ள மாணவர் வேலையைத் தள்ளிப்போட முடியாது என்பதால், உதவித்தொகை இல்லாத இடத்தில் இத்துறை வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே உரியதாகிவிடும். ஒரே ஒரு வெற்றியாளருக்குப் பெரும் பரிசு கொடுப்பதற்குப் பதிலாக, அதே தொகையைப் பலருக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவாகப் பகிர்ந்தளித்து, பதிவு, கணக்கு, வரி ஆகியவற்றில் வழிகாட்ட ஒருவரையும் பல்கலைக்கழகம் அமர்த்தலாம்.