இங்கே தெரியாத பிழைகள்: நியூசிலாந்துக்குப் போகும் ஜிபிஎஸ் கருவி

மார்ச் 2, 2025, ஞாயிறு. சுங்கை சிப்புட், மலேசியா

விமானம் 15ஆம் தேதி. போகும் இடம் நியூசிலாந்தின் வட தீவு. போவது ஜியோகேஷிங்குக்கு: பிறர் ஒளித்துவைத்து, இருக்குமிடத்தை இணையத்தில் போட்ட பெட்டிகளை (அவைதான் கேஷ்) ஜிபிஎஸ் வைத்துத் தேடும் விளையாட்டு. கருவி கார்மின் இட்ரெக்ஸ் 32எக்ஸ்: இரண்டு ஏஏ பேட்டரி, மைக்ரோஎஸ்டி அட்டை, உள்ளேயே மின்னணுத் திசைகாட்டி.

இந்த ஊரில் வைத்துக் கருவியைச் சோதிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகைக்குள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இங்கே ஒரு பாகைகூட வித்தியாசம் இல்லை. அட்சரேகையில் 0.001 நிமிடம் என்றால் 1.85 மீட்டர், தீர்க்கரேகையிலும் ஏறக்குறைய அதே அளவு. அமைப்பில் எதையாவது தப்பாக வைத்திருந்தாலும் செம்பனைத் தோட்டத்துக்குள் எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலத்தான் இருக்கும். குட்டு ஆக்லாந்தில் போய் உடையும். ஆகவே நடந்து பார்த்துத் திருப்திப்படுவதற்கு முன், அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து கண்ணால் பார்ப்பதே முதல் வேலை.

முதலில் ஆயமுறை, அதாவது இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை (ஆயம்) எழுதும் வடிவம். கேஷ் பக்கங்கள் எல்லாமே பாகை, தசம நிமிடம் என்ற வடிவில் இருக்கும். கருவி பாகை-நிமிடம்-நொடியில் இருந்தால் 50.512 நிமிடத்தை 50 நிமிடம் 51.2 நொடி என்று தட்டிவிடுவோம். உண்மையில் 0.512 நிமிடம் 30.7 நொடிதான். அட்சரேகையில் இந்த ஒரு தவறுக்கே 600 மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும்.

அடுத்தது டேட்டம், அதாவது பூமியின் எந்த மாதிரியை அடிப்படையாக வைத்து ஆயத்தை அளக்கிறோம் என்பது. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 இருக்க வேண்டும். பழைய மலேசிய நிலவரைபடத் தாளோடு ஒத்துப்பார்க்க யாராவது இதைக் கெர்டாவ் 1948க்கு மாற்றியிருக்கலாம். இந்தப் பிழையை லேசில் பிடிக்க முடியாது. கோப்பாக ஏற்றிய கேஷ்கள் சரியான இடத்தில் நிற்கும். கையால் தட்டிய எண்கள் மட்டும் நூறு மீட்டருக்கு மேல் விலகும். பல கட்ட கேஷில் முதல் இடம் கிடைத்து இரண்டாவது இடம் கிடைக்கவே இல்லையென்றால் முதலில் இதைப் பாருங்கள். நியூசிலாந்திலும் இதே கதைதான். 2009இல் டோப்போ50 என்ற புதிய நிலவரைபடத் தாள்கள் வருவதற்கு முன்பிருந்த தாள்கள் 1949ஆம் ஆண்டு டேட்டத்தில் அச்சானவை. சுமார் 200 மீட்டர் வித்தியாசம்.

கடைசியாக வடக்கு, தெற்கு. புதிய வேபாயின்ட் (கருவியில் குறித்துவைக்கும் இடம்) அடிக்கும்போது 'என்' என்ற எழுத்தை 'எஸ்' என்று மாற்ற மறந்தால், ஆக்லாந்து கேஷ் ஜப்பானுக்குக் கிழக்கே பசிபிக் நடுவில் விழும். தூரம் 8,000 கிலோமீட்டர் என்று காட்டுவதால் உடனே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் 150 மீட்டர் தள்ளிவைக்கும் பிழைதான் ஆளை அலைக்கழிக்கும்.

மார்ச் 4, செவ்வாய்

பாக்கெட் குவெரி: ஜியோகேஷிங் தளத்திலிருந்து கேஷ்களின் தகவலை மொத்தமாக இறக்கும் வசதி. பிரீமியம் கணக்கு இருந்தால்தான் கிடைக்கும். ஒன்றுக்கு அதிகபட்சம் 1,000 கேஷ். ஆக்லாந்து நடுவை மையமாக வைத்து 50 கிலோமீட்டர் ஆரம் கேட்டால், கிட்ட இருக்கும் ஆயிரத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்லாமல் வெட்டிவிடும். முன்னோட்டத்தில் எண்ணிக்கை சரியாக 1,000 என்று நின்றால் வெட்டுப்பட்டது என்றே வையுங்கள். ஆரத்தைக் குறைப்பது ஒரு வழி. கேஷ் வைக்கப்பட்ட தேதியால் பிரிப்பது அதைவிட நல்லது: முதல் குவெரி தொடக்கத்திலிருந்து ஒரு தேதி வரை, அடுத்தது மறுநாளிலிருந்து. ஒவ்வொன்றும் 950 பக்கம் நிற்கும்படி தேதியை நகர்த்தினால் இடைவெளியும் இல்லை, இரட்டிப்பும் இல்லை.

"இயங்கும் நிலையில் உள்ளவை" என்ற பெட்டியைக் கட்டாயம் தட்டவும். கவுரி மரங்களை அழிக்கும் வேர்நோய் பரவுவதால் ஆக்லாந்து மேற்கிலுள்ள வைதாக்கெரே மலைத்தொடரில் 2018 முதல் பல நடைபாதைகளை மூடினார்கள். அங்கே நிறுத்திவைத்த கேஷுக்கு வழி தேடிப் போனால் மூடிய வேலிதான் வரவேற்கும். (கவுரி என்றதும் பக்கத்து லயத்துப் பிள்ளை ஞாபகத்துக்கு வரும், இது ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய மரம்.)

குவெரி தரும் ஜிப் கோப்பை விரித்தால் இரண்டு ஜிபிஎக்ஸ் (இடத் தகவல்) கோப்புகள். பெரியது கேஷ்கள். பெயரில் 'வேபாயின்ட்ஸ்' ஒட்டிய சின்னக் கோப்பில் வண்டி நிறுத்துமிடமும் பாதைத் தொடக்கமும் இருக்கும். பலர் இரண்டாவதை விட்டுவிடுவார்கள். பிறகு பள்ளத்தாக்கின் தப்பான பக்கத்தில் காரை நிறுத்துவார்கள். இரண்டும் கருவியின் ஜிபிஎக்ஸ் கோப்புறைக்குள் போக வேண்டும்.

குவெரியில் படம் வராது. தேடிப்போனவர்களின் பதிவுகளும் கடைசி ஐந்துதான். கடின மதிப்பு 3க்கு மேலுள்ள கேஷ்களின் பக்கத்தைக் கைப்பேசியில் தனியாகச் சேமித்துக்கொள்வது நல்லது. புதிர் கேஷ்களை இங்கேயே விடுவித்து, திருத்திய ஆயத்தை அந்தந்தப் பக்கத்திலேயே பதிந்துவிடவும்.

மார்ச் 7, வெள்ளி

வரைபடம். கருவியோடு வருவது அதை விற்ற வட்டாரத்தின் வரைபடம். நியூசிலாந்து அதில் வெறும் கரைக்கோடு. நியூசிலாந்துத் தன்னார்வலர்கள் பராமரிக்கும் இலவச கார்மின் வரைபடம் இருக்கிறது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து செய்தவையும் இருக்கின்றன. ஏதோ ஒன்று போதும். இரண்டையும் போட்டு இரண்டையும் இயக்கிவைத்தால் ஒன்றின்மேல் ஒன்று வரைந்து, திரை மெதுவாகி, வழிகாட்டுதல் குழம்பும்.

அட்டை 32 ஜிபிக்கு மேல் வேண்டாம். 64 ஜிபி அட்டை எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்து வரும்; கருவிக்குத் தேவை ஃபேட்32. அட்டையில் கார்மின் என்று ஒரு கோப்புறை, அதற்குள் வரைபடக் கோப்பு, அவ்வளவுதான்.

கணினியிலிருந்து பிடுங்கும்போது "பாதுகாப்பாக அகற்று" கொடுக்காமல் இழுத்தால் ஜிபிஎக்ஸ் பாதியில் அறுந்து நிற்கும். அடுத்த முறை இயக்கும்போது கருவி தொடக்கத் திரையிலேயே உறைந்துபோகும். கருவி செத்துவிட்டதாகப் பதற வேண்டாம். அட்டையைக் கழற்றி இயக்கிப் பார்க்கவும். அப்போதும் உறைந்தால் அறுந்த கோப்பு உள்நினைவில் இருக்கிறது. கணினியில் மாட்டி அதை அழிக்க வேண்டும். கம்பி மினி யூஎஸ்பி வகை. இன்றைய கைப்பேசிக் கம்பி சேராது, ஆக்லாந்துக் கடையில் தேடிக்கொண்டு நிற்காமல் இரண்டு எடுத்துப்போகவும்.

மார்ச் 9, ஞாயிறு

களச் சோதனை. திடல் நடுவில் துல்லியம் 3 மீட்டர். முதிர்ந்த செம்பனைக்குள் பத்து அடி நுழைந்ததும் 8, பிறகு 11. ஓலை கூரைபோல மூடியிருப்பதால் இது எதிர்பார்த்ததே. ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றடியில் வேறு விதம்: திரை 4 மீட்டர் என்று சொல்லிக்கொண்டே அம்பு இடமும் வலமும் தாவியது. பாறையில் பட்டுத் திரும்பும் அலையையும் கருவி நம்புகிறது. அந்த எண் கருவியின் சொந்தக் கணிப்பு மட்டுமே. குன்றை விட்டு 20 மீட்டர் விலகி, அங்கிருந்து திசையும் தூரமும் எடுத்து நடப்பதுதான் வழி.

திசைகாட்டியைப் பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் சரிசெய்ய வேண்டும், காருக்குள் நின்று அல்ல. எந்த வடக்கைக் காட்டுவது என்ற அமைப்பு "உண்மை" என்று இருக்கட்டும். கையில் தனியாக முள் திசைகாட்டி வைத்திருப்பவர் கவனிக்க: ஆக்லாந்தில் காந்த விலக்கம் கிழக்கே சுமார் 20 பாகை. "இந்த இடத்திலிருந்து 60 மீட்டர், 140 பாகை" என்ற குறிப்பைத் திருத்தாமல் பின்பற்றினால் 60 மீட்டரில் 20 மீட்டர் பிசகும். இங்கே பழகிய கைக்கு அந்தத் திருத்தம் நினைவிலேயே இருக்காது.

மார்ச் 12, புதன்

நிக்கல் பேட்டரி மூன்று ஜோடி. அ, ஆ, இ என்று ஒட்டுத்தாள். ஜோடி கலையக் கூடாது. மெனுவில் பேட்டரி வகையை மாற்றவும். 1.2 வோல்ட் பேட்டரியை 1.5 வோல்ட் அல்கலைன் என்று நினைத்தால், பாதி மிச்சமிருக்கும்போதே தீர்ந்துவிட்டதாக எச்சரிக்கும். உதிரிகள் பெட்டிக்குள், கைப்பையில். சில்லறையோடு சேர்த்துப் போடக் கூடாது.

மாற்றுப் பொருள், அதாவது கேஷிலிருந்து ஒன்றை எடுத்தால் பதிலுக்கு வைப்பது. தோட்டத்து ஞாபகமாக ரப்பர் விதை வைக்கலாம் என்று தோன்றும். பளபளப்பும் அழகும் இருக்கும்தான், ஆனால் நியூசிலாந்து எல்லையில் விதை, மரம், மண் எல்லாமே ஆபத்துப் பொருள். அறிவிக்காமல் மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். சாவிக்கொத்து, பேட்ஜ் போதும். தோட்டத்தில் போட்ட காலணியின் பள்ளங்களைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, அதையும் படிவத்தில் அறிவிக்கவும்.

இதே பையைத் தமிழ்நாட்டுக்கும் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் இன்ரீச் வகைக் கருவியை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுபோகாதீர்கள். விமான நிலையத்தில் பிடித்திருக்கிறார்கள்.

மார்ச் 14, வெள்ளி

குவெரிகளை நேற்றிரவு புதிதாக ஓட்டியது. பழைய கோப்புகளை அழித்த பிறகே புதியவை ஏறின. முழுப் பிரதி ஒன்று உதிரி அட்டையில். கண்டுபிடித்தவை கருவியில் ஜியோகேஷ் விசிட்ஸ் என்ற உரைக்கோப்பில் சேரும். நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நியூசிலாந்து இப்போது கோடை நேரத்தில், 13 மணி முன்னே. காலையில் எடுத்த கேஷ் கோப்பில் முந்தின நாள் தேதியோடு கிடக்கும், பதிவேற்றும்போது பார்த்துத் திருத்த வேண்டும்.

பேட்டரியைக் கழற்றியாயிற்று. இறங்கியதும் செய்ய வேண்டியது: விமான நிலையத்துக்கு வெளியே, கூரையில்லாத இடத்தில், கருவியை இயக்கி அசையாமல் கால் மணி நேரம் வைப்பது. செயற்கைக்கோள் ஒவ்வொன்றின் சொந்தப் பாதைத் தகவல் 30 நொடிக்கு ஒருமுறை வரும். எல்லாச் செயற்கைக்கோள்களின் பட்டியலும் முழுசாக வர 12.5 நிமிடம். ஓடும் டாக்சிக்குள் வைத்துக்கொண்டு "இன்னும் சுங்கை சிப்புட்டையே காட்டுகிறதே" என்று தட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நேரமாகும்.