கொடுக்கும்போது பாசிட்டிவ், ஏற்றும்போது நெகட்டிவ்

ஓ நெகட்டிவ் என்பதால் ரத்த வங்கியிலிருந்து போன் வருவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் "தானத்துக்கு இல்லை, டாக்டர் உங்களோடு பேசணுமாம்" என்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். எச்ஐவியா, மஞ்சள் காமாலையா என்று மனம் எங்கெங்கோ ஓடியது. நோய் எதுவும் இல்லை என்று அந்தப் போனிலேயே ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

முந்தைய முறை ரத்தம் கொடுத்தபோது, நெகட்டிவ் கொடையாளர்களுக்கு மரபணுப் பரிசோதனை செய்யப்போகிறோம் என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். தனியாக ஊசி குத்தவில்லை. ஊதா மூடி போட்ட சின்னக் குழாய் ஒன்றைக் கூடுதலாக நிரப்பிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

டாக்டர் தாளில் படம் போட்டு விளக்கினார். 1ஆம் குரோமோசோமில் ஆர்எச்டி, ஆர்எச்சிஇ என்று இரண்டு மரபணுக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சிவப்பணுவின் மேல் டி ஆன்டிஜென் என்ற புரதத்தை உண்டாக்குவது ஆர்எச்டி. அந்தப் புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். ஐரோப்பிய வம்சாவளியினர் நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் ஆர்எச்டி மரபணுவே முழுசாக இருக்காது. ஆப்பிரிக்கர்கள் பலரிடம் அது இருக்கும், ஆனால் வேலை செய்யாது. கிழக்கு ஆசியர்களில் நெகட்டிவ் எனப்படுபவர்களில் கணிசமானோருக்கு அது துளியளவு வேலை செய்யும். இதற்கு டெல் வகை என்று பெயர்.

என்னுடையதும் அப்படி ஒரு டெல் வகைதான். சிவப்பணுவின் மேல் டி ஆன்டிஜென் அவ்வளவு குறைவாக இருப்பதால், அதைக் கண்டுபிடிக்கும் ஆன்டி-டி சொட்டு விட்டுப் பார்த்தால் ரத்தம் கட்டி கட்டாது. அதைவிட நுட்பமான கூம்ஸ் பரிசோதனையிலும் பிடிபடாது. டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆரில் மரபணுவைத் தேடினால்தான் சுலபமாகத் தெரியும். பலருடைய மாதிரிகளை ஒன்றாகக் கலந்து முதலில் ஓட்டுவார்களாம். மரபணு தென்பட்டால் மட்டும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். நெகட்டிவ்காரர்களிடம் பெரும்பாலும் இருக்காத பெரிய சி (C) ஆன்டிஜென் என்னிடம் இருந்ததால் என் மேல் ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது.

அப்போ இத்தனை நாள் நான் கொடுத்த ரத்தம்? அதைத்தான் முதலில் கேட்டேன். டாக்டர் பூசி மெழுகவில்லை. பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் டெல் ரத்தம் ஏறிய நெகட்டிவ் நோயாளிகள் சிலருக்கு, டி ஆன்டிஜெனைத் தாக்கும் ஆன்டி-டி எதிர்ப்பொருள் உருவானது பதிவாகியிருக்கிறது என்றார். பிள்ளை பெறும் வயதுப் பெண்ணாக இருந்தால் அது பின்னால் வயிற்றுக் குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கக்கூடும். என் பழைய பைகள் யாருக்குப் போயின என்று பதிவேட்டில் தேடுவதாகச் சொன்னார். ரத்த வகை தெரியாத அவசரத்தில் யாருக்கும் ஏற்றும் ரத்தம் ஓ நெகட்டிவ் என்பதை நினைத்தபோது கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த விஷயமாயிற்றே!

அப்புறம் அட்டையை மாற்றித் தந்தார்கள். கொடையாளராக நான் இனி ஓ பாசிட்டிவ். எனக்கு ரத்தம் தேவைப்பட்டால் நெகட்டிவ்தான் ஏற்ற வேண்டும் என்று அதன் கீழே இன்னொரு வரி. டெல் வகைகளில் சிலவற்றுக்குப் பாசிட்டிவே ஏற்றலாமாம். என் வகைக்கு அந்த உறுதி இல்லை. அட்டையை எப்போதும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆஸ்பத்திரியில் இரண்டு அறிக்கையையும் பார்த்துக் குழம்பிவிடுவார்கள் என்று நர்ஸ் அழுத்திச் சொன்னார்.

தங்கையும் நெகட்டிவ், இப்போது கர்ப்பம். அவளுக்கும் இதே மரபணு வந்திருக்கலாம் என்பதால் மாதிரி எடுத்திருக்கிறார்கள். முடிவு வரும்வரை அவளை நெகட்டிவாகவே வைத்து, அந்த எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை வழக்கம்போலப் போடச் சொல்லியிருக்கிறார்கள்.