மகளின் வயிற்று வலி

ஏழு வயதில் என் மகளுக்கு வயிற்று வலி ஆரம்பித்தது. தொப்புளைச் சுற்றி, படுக்கப்போகும் நேரத்தில். பூச்சி மருந்து கொடுத்தோம். ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் குறையில்லை. "நடிக்காதே, தூங்கு" என்று ஒருநாள் அதட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

குழந்தைகள் டாக்டர் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேட்டார்: "வீட்ல நீங்க ரெண்டு பேரும் எப்படி இருக்கீங்க?"

எங்களுக்கு அது கடன் நெருக்கிய வருடம். அவள் தூங்கிய பிறகுதான் சண்டை, அதுவும் அடங்கிய குரலில். பல நாள் பேச்சே இருக்காது. கைநீட்டியதில்லை, பாத்திரம் பறந்ததில்லை, அதனால் நல்ல வீடு என்றே நம்பியிருந்தோம்.

வலி நிஜம் என்றார் டாக்டர். பயந்தால் உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கும், பயம் போனதும் அடங்கும். தினமும் பயம் என்றால் அடங்க நேரமே இல்லை. தூக்கம் கெடும், செரிமானம் கெடும், அடிக்கடி சளி பிடிக்கும். குடலின் நரம்புகள் மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருப்பவை, அதனால்தான் மனசில் இருப்பது வயிற்றில் வலிக்கிறது.

பிறகு நானே தேடிப் படித்தேன். 2013-ல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில், 6 முதல் 12 மாதக் குழந்தைகள் 20 பேருக்குத் தூக்கத்திலேயே மூளை ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். கோபக்குரல் காதில் விழுந்ததும், சண்டை மிகுந்த வீட்டுக் குழந்தைகளின் மூளை கூடுதலாகத் துடித்திருக்கிறது. தூக்கத்தில்! நாங்களோ அவள் தூங்கட்டும் என்று காத்திருந்து சண்டை போட்டவர்கள்.

அன்று மாலை அவளையே கவனித்தேன். என் கணவர் சாவியை மேஜையில் போட்ட சத்தம் கேட்டதும் கிரேயான் பிடித்த கை நின்றது. அப்பா முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தை. பிறகுதான் மூச்சு வந்தது, கிரேயான் நகர்ந்தது. இதை எத்தனை மாதமாகச் செய்துகொண்டிருந்தாளோ!

இருவருமாக அவளிடம் உட்கார்ந்து சொன்னோம். பணக்கஷ்டம், அதனால் கோபம் வருகிறது என்று.

"நான் புது ஷூ கேட்டதாலயா?"

அவர் எழுந்து பாத்ரூமுக்குப் போய்விட்டார். நான்தான் அவளை மடியில் போட்டு, "உன்னால இல்லடா கண்ணு" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கடன் இன்னும் தீரவில்லை, சண்டையும் நிற்கவில்லை. சமாதானம் ஆவதையும் அவள் பார்க்கட்டும் என்று முடிவெடுத்தோம். வலி இப்போது மாதத்துக்கு ஒருமுறை வந்தால் உண்டு.

போன வாரம் சமையலறையில் எங்கள் குரல் உயர்ந்தது. வாசலில் வந்து நின்றாள்.

"சண்டையா?"

"ஆமா. முடிஞ்சதும் வந்து சொல்றோம்."

போனபோது தூங்கிவிட்டிருந்தாள். இருந்தாலும் காதருகே குனிந்து சொல்லிவிட்டுத்தான் வந்தோம்.